ஒரு தடவை தேடிய பக்கத்தை மறுபடி தேடாமல் இருக்க: சோஷியல் புக்மார்க்கிங் செய்வது எப்படி?

"மக்கா, போன வாரம் ஒரு ரப்பர் விலைப் பக்கம் எடுத்துத் தந்தியே, அது எங்க போச்சு?"

அழகியமண்டபத்தில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் கடைக்கு வரும் பெரியவர் ஒருவர் மாதம் இரண்டு முறையாவது இதைக் கேட்பார். வாட்ஸ்அப்பில்தான் அனுப்பியிருப்பேன். அதற்கு மேல் வந்து விழுந்த குட் மார்னிங் படங்களுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் அடியில் அது புதைந்து கிடக்கும். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நானும் எனக்கு நானே லிங்க் அனுப்பிச் சேர்த்து வைத்த ஆள்தான். பேக்கப் எடுக்காத போன் ஒருநாள் தண்ணீரில் விழுந்தது, அத்தனையும் போச்சு. அதற்கு அப்புறம்தான் இந்த வழிக்கு வந்தேன்.

பிரவுசரில் நட்சத்திரத்தைத் தொட்டு புக்மார்க் செய்வது பலருக்கும் தெரியும். அது அந்த பிரவுசருக்குள்ளேயே, மிஞ்சினால் நம் கணக்குக்குள்ளேயே கிடக்கும். சோஷியல் புக்மார்க்கிங்கில் பட்டியல் இணையத்தில் ஒரு தளத்தில் இருக்கும். கடைக் கம்ப்யூட்டரில் சேர்த்ததை வீட்டுப் போனில் திறக்கலாம், வேண்டிய பகுதியை மட்டும் மற்றவர்களுக்கும் காட்டலாம். 2003இல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய டெலிசியஸ் என்ற தளம்தான் இதைப் பரவலாக்கியது. சேமிக்கும் பக்கத்துக்கு நமக்குத் தோன்றிய சொல்லை நாமே ஒட்டலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. டெலிசியஸ் இன்று இல்லை, அந்தப் பழக்கம் இருக்கிறது.

இப்போது டீகோ, பின்போர்டு, ரெயின்ட்ராப் என்று சில உண்டு. பின்போர்டுக்குக் காசு கட்ட வேண்டும். நான் பயன்படுத்துவது ரெயின்ட்ராப். புதிதாகத் தொடங்குபவருக்கு அதன் இலவசக் கணக்கே தாராளம், ஆகவே அதை வைத்தே சொல்கிறேன்.

கணக்கும் தொகுப்பும்

பிரவுசரில் ரெயின்ட்ராப் டாட் ஐஓ என்ற முகவரிக்குப் போய், மின்னஞ்சல் கொடுத்துக் கணக்கு தொடங்குங்கள். போனில் அதன் ஆப்பையும், கம்ப்யூட்டர் பிரவுசரில் அதன் எக்ஸ்டென்ஷனையும் (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கருவி) போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே கலெக்‌ஷன் என்று இருப்பதுதான் தொகுப்பு. முதல் நாளே இருபது தொகுப்பு போட ஆசை வரும், வேண்டாம். இரண்டோ மூன்றோ போதும். என்னிடம் இருப்பவை 'தொழில்', 'பிள்ளைகள் படிப்பு', 'வீடு'.

ஒரு பக்கத்தைச் சேமித்துப் பார்ப்போம்

கடல் நிலவரத்தையே எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் தளத்தில் அலை உயர எச்சரிக்கைகள் வரும். குளச்சலில் வள்ளம் வைத்திருக்கும் என் மாமாவுக்கு இது அடிக்கடி தேவைப்படும். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, ஷேர் போய், ரெயின்ட்ராப் படத்தைத் தொடுங்கள். கம்ப்யூட்டரில் என்றால் எக்ஸ்டென்ஷன் படத்தில் ஒரு கிளிக். தலைப்பு ஆங்கிலத்தில் நீளமாக வரும். அதை அழித்துவிட்டு 'கடல் எச்சரிக்கை – இன்காய்ஸ்' என்று உங்கள் பாஷையில் எழுதுங்கள். இதற்குச் சோம்பல்பட்டால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே எது எதுவென்று தெரியாது.

அடுத்து டேக், அதாவது குறிச்சொல். உண்மையான வேலையே இங்கேதான். ஒரு தென்னை ஒரு விளையில்தான் நிற்கும், பக்கம் அப்படியல்ல. இந்த ஒரே பக்கத்துக்கு 'கடல்', 'வானிலை', 'கள்ளக்கடல்' என்று மூன்று சொல்லையும் ஒட்டலாம். இங்கே காற்றே இல்லாத நாளில் அலை பொங்கிக் கரையேறுவதைத்தானே கள்ளக்கடல் என்கிறோம்? மாமா தேடும்போது அவர் வாயில் வருவது அந்தச் சொல்தான்.

தமிழில் குறிச்சொல் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. கன்னியாகுமரி, கன்யாகுமரி, குமரி, நாகர்கோவில், நாகர்கோயில், ரப்பர், இரப்பர். நமக்கு எல்லாம் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. 'தேர்வு' என்று ஒருநாள், 'தேர்வுகள்' என்று இன்னொரு நாள் போட்டால் பாதிப் பக்கம் ஒரு பக்கமும் மீதி இன்னொரு பக்கமும் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் ஒருமையில், வேற்றுமை உருபு எதுவும் சேர்க்காமல் எழுதுகிறேன். ஊர்ப் பெயருக்கு ஒரே எழுத்து. தட்டும்போது பழைய சொற்கள் கீழே வந்து நிற்கும், அதிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கத்தைச் சேமிக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பட்டா பார்க்கும்போது சர்வே எண் கொடுத்து முடிவு வந்த பக்கத்தைச் சேமித்தால் பிறகு திறக்காமல் போகலாம். எண் கொடுக்கும் முதல் பக்கத்தைச் சேமியுங்கள். அதேபோல, கோட்டயத்தில் இருக்கும் ரப்பர் வாரியத்தின் தளத்தில் ஆர்எஸ்எஸ்-4 ஷீட் (புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டில் ஒரு தரம்) விலை தினமும் வரும். அன்றைய விலையின் படம் நாளைக்கு உதவாது, விலை போடும் பக்கம்தான் வேண்டும்.

பகிர்வது

தொகுப்பைத் திறந்து ஷேர் என்பதைத் தொட்டு, பொதுப் பக்கமாக மாற்றினால் ஒரு லிங்க் கிடைக்கும். அதை வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு தடவை அனுப்பினால் போதும். பிறகு நீங்கள் புதிதாகச் சேர்ப்பவையும் அதே லிங்க்கில் தெரியும். அந்தப் பெரியவர் போனில் நான் அதை ஹோம் ஸ்கிரீனிலேயே போட்டுக் கொடுத்தேன். சேர்ந்து தொகுக்க வேண்டுமானால் மின்னஞ்சல் வழியாக ஆளை அழைக்கலாம். பார்க்க மட்டுமா, சேர்க்கவும் செய்யலாமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் நாலு பேர் ஒரே தொகுப்பில் பழைய வினாத்தாள் பக்கங்களைச் சேர்த்தால் வேலை எவ்வளவோ மிச்சம்.

பொது என்றால் லிங்க் கையில் உள்ள யாரும் பார்க்கலாம். 'வீடு' தொகுப்பை நான் திறந்து விடுவதில்லை. பிள்ளையின் மார்க் ஷீட் இருக்கும் டிரைவ் லிங்க், பேங்க் உள்ளே நுழைந்த பக்கம் இதெல்லாம் எந்தத் தொகுப்பிலும் வேண்டாம்.

பழையதைக் கொண்டுவருவதும், நகல் எடுப்பதும்

குரோமில் ஏற்கெனவே புக்மார்க் நிறைய இருந்தால், கம்ப்யூட்டரில் புக்மார்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்போர்ட் கொடுங்கள். ஹெச்டிஎம்எல் கோப்பு ஒன்று வரும். அதை ரெயின்ட்ராப் செட்டிங்ஸில் இம்போர்ட் செய்தால் எல்லாம் வந்து சேரும்.

அதே செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட்டும் உண்டு. பாக்கெட் என்ற சேமிப்புத் தளம், பத்து வருஷத்துக்கு மேல் பலரும் நம்பியிருந்தது, 2025 ஜூலையில் மூடப்பட்டது. டெலிசியஸ் கதையும் அதுதான். ரெயின்ட்ராப்புக்கும் அந்த நாள் வராது என்று யார் கண்டது? மாதம் ஒருமுறை எக்ஸ்போர்ட் எடுத்து எனக்கே மெயில் அனுப்பி வைக்கிறேன், இரண்டு நிமிஷ வேலை. நாம் சேமித்த பக்கமே காணாமல் போனால், இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் அதன் முகவரியைப் போட்டுப் பாருங்கள். அங்கே பழைய நகல் இருக்க வாய்ப்புண்டு.