அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பிரார்த்தனை: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க அரசுப் பள்ளியில் பிள்ளை சாமி கும்பிடவே கூடாது, சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. அந்தப் பேச்சுக்கு வேராகச் சொல்லப்படுவது ஏங்கல் எதிர் விட்டாலே வழக்கில் 1962-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. நியூயார்க் மாநிலக் கல்வி ஆட்சிக்குழு 22 சொற்களில் ஒரு பிரார்த்தனையை எழுதி, காலையில் வகுப்பில் சொல்லும்படி பரிந்துரைத்திருந்தது. பிரார்த்தனை எழுதிக் கொடுப்பது அரசின் வேலையில்லை என்றது நீதிமன்றம். பிள்ளைகள் தாங்களாக வேண்டிக்கொள்வதை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை.

ஆகவே சாப்பிடும் முன் கண் மூடுவது, தேர்வுக்கு முன் மனதுக்குள் சுலோகம் சொல்வது, இடைவேளையில் நண்பர்களோடு சேர்ந்து வேண்டுவது எல்லாம் அனுமதிக்கப்பட்டவையே. பாடம் நடக்கும்போது இடைஞ்சல் செய்யக் கூடாது, அவ்வளவுதான். பிரார்த்தனை நடந்ததா என்பதைவிட, அதை நடத்தியது யார் என்பதே சட்டம் கேட்கும் கேள்வி.

பெரும்பாலோர் இடறுவது இன்னொரு இடத்தில். "கட்டாயம் இல்லையே, பிடிக்காதவர் விலகிக்கொள்ளலாமே" என்பார்கள். 1962 வழக்கிலும் விலகிக்கொள்ள வழி இருந்தது. 1963-இல் பென்சில்வேனியாவின் பைபிள் வாசிப்பு வழக்கிலும் பெற்றோர் கடிதம் கொடுத்தால் விலக்கு உண்டு. இரண்டு நடைமுறைகளும் செல்லாது என்றே தீர்ப்பு வந்தது. 1992-இல் லீ எதிர் வைஸ்மன் வழக்கு இதை இன்னும் தெளிவாக்கியது. பிராவிடன்ஸ் நகரில் ஒரு நடுநிலைப் பள்ளி, பட்டமளிப்பு விழாவில் பிரார்த்தனை சொல்ல யூத மதகுரு ஒருவரை அழைத்திருந்தது. விழாவுக்கு வருவது கட்டாயமில்லை என்ற வாதம் எடுபடவில்லை. எல்லோரும் எழுந்து நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருப்பது ஒரு சிறுமிக்கு எத்தனை பெரிய அழுத்தம் என்பதை நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள். வகுப்பில் ஒரே இந்துப் பிள்ளையாகவோ ஒரே முஸ்லிம் பிள்ளையாகவோ இருப்பவர்களின் பெற்றோருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சரி, மாணவர்களே ஓட்டுப் போட்டு முடிவெடுத்தால்? டெக்சாஸின் சாண்டா ஃபே பள்ளி மாவட்டம் (உள்ளூர் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) அந்த வழியில் போனது. அமெரிக்கக் கால்பந்துப் போட்டிக்கு முன் ஒலிபெருக்கியில் பிரார்த்தனை சொல்ல மாணவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு. 2000-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதையும் தள்ளியது. பெரும்பான்மை ஓட்டில் சிறுபான்மையின் குரல் ஒருபோதும் ஒலிபெருக்கிக்கு வராது. அந்த வழக்கைத் தொடுத்தவை மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பமும் ஒரு கத்தோலிக்கக் குடும்பமும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களின் சண்டை இது என்று ஒதுக்குவது எவ்வளவு தவறு என்பது இதிலேயே தெரியும்.

2022-இல் வந்த கென்னடி எதிர் பிரெமர்ட்டன் தீர்ப்புக்குப் பிறகு புதிதாக ஒரு தவறு பரவியிருக்கிறது: இனி ஆசிரியர்களே பிரார்த்தனை நடத்தலாமாம். வாஷிங்டன் மாநிலத்தில் அரசுப் பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளரான கென்னடி ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் மண்டியிட்டு வேண்டியது அவருடைய தனிப்பட்ட வழிபாடு என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதி, அதைப் பாதுகாத்தார்கள். மாணவர்களை வழிநடத்த அது அனுமதி தரவில்லை, மேலே சொன்ன பழைய தீர்ப்புகளையும் ரத்து செய்யவில்லை. ஆனால் எல்லைக்கோடு மங்கிவிட்டது என்பதே என் எண்ணம். மாணவர்கள் அவரைச் சூழ்ந்து நிற்கும் படங்களை மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி தன் தீர்ப்பிலேயே சேர்த்திருக்கிறார்.

மதத்தைப் பற்றிப் பாடம் நடத்துவதை மதப் பிரசாரம் என்று எண்ணிப் புகார் கொடுக்க வேண்டாம். வரலாறாகவும் இலக்கியமாகவும் கற்பிக்கலாம் என்று 1963 தீர்ப்பே சொல்கிறது. மற்ற மாணவர் மன்றங்களுக்கு இடம் தரும் உயர்நிலைப் பள்ளி, மாணவர்கள் தொடங்கும் மத மன்றத்துக்கும் இடம் தர வேண்டும் என்பது 1984-ஆம் ஆண்டுச் சட்டம். அமெரிக்கக் கொடியைப் பார்த்து வகுப்பில் சொல்லும் கொடி உறுதிமொழி பிரார்த்தனையாகக் கருதப்படுவதில்லை. ஆனாலும் அதைச் சொல்லும்படி எந்த மாணவரையும் வற்புறுத்த முடியாது. 1943-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. தனியார் பள்ளிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, அங்கே சேர்க்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

விசாவில் இருக்கிறோம், வாயைத் திறந்தால் வம்பு என்று ஒதுங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இந்தப் பாதுகாப்பு பெற்றோரின் குடியுரிமையைப் பொறுத்தது இல்லை. அதற்காகப் பிள்ளையை ஆசிரியரோடு வாதாட அனுப்பவும் கூடாது. என்ன நடந்தது, எந்த நிகழ்ச்சியில், மைக்கைக் கொடுத்தது யார் என்பதைத் தேதியோடு எழுதிப் பள்ளி முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அப்புறம் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அதே கடிதத்தை அனுப்பலாம்.