14 வயதுப் பையனைக் கதைக்குள் 26 வயது ஆளாக்குவது எப்படி?

சிங்கப்பூரில் வளரும் பையனைப் பற்றி நாவலோ நெடுங்கதையோ எழுதுபவர்களில் பலர் தேசிய சேவையை (பையன்களுக்கான கட்டாய ராணுவ சேவை) நம்பி உட்கார்ந்துவிடுகிறார்கள். தெக்கோங் தீவுக்குப் படகேறும்போது விளையாட்டுப் பிள்ளை, அடிப்படைப் பயிற்சி முடித்துத் திரும்பும்போது பொறுப்பான ஆம்பளை. படிக்கிறவர் நம்பமாட்டார். ஒரே நாளில் யாரும் பெரியவராவதில்லை, வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக, சில சமயம் பின்னுக்குப் போய் மறுபடி முன்னுக்கு வந்துதான் ஆகிறார்கள்.

எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒரே சூழ்நிலையை மூன்று வயதில் எழுதிப் பார்ப்பது. பாட்டியைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப்போவதையே எடுத்துக்கொள்வோம். பாட்டிக்குத் தமிழ், டாக்டருக்கு ஆங்கிலம், நடுவில் பேரன். "குனிஞ்சா எழுந்திருக்க முடியலய்யா, போன வாரம் தேக்காவுல மீன் வாங்கிட்டு வர்றப்பவே முட்டி மடங்கிப்போச்சு" என்று பாட்டி விரிவாகச் சொல்கிறார். 14 வயதுக்காரன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் டாக்டரிடம் "முட்டி வலியாம்" என்று முடித்துவிடுகிறான். 19 வயதில், முகாமிலிருந்து வார இறுதிக்கு வந்தவன், ஒரு சொல் விடாமல் மொழிபெயர்க்கிறான், ஆனால் பாட்டி மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று போட்டும் கொடுக்கிறான். தான் பெரியவன் என்று அந்த அறையிலேயே காட்டியாக வேண்டும் அவனுக்கு. 26ல், பாட்டி தனக்குத் தெரிந்த மலாயையும் ஆங்கிலத்தையும் கலந்து "டாக்டர், சக்கிட், வெரி சக்கிட்" (சக்கிட் என்றால் மலாயில் வலி) என்று தானே ஆரம்பிக்க, அவன் குறுக்கே பேசாமல் அவர் முடிக்கும்வரை இருக்கிறான். 'முதிர்ச்சி' என்ற சொல்லே தேவைப்படவில்லை பாருங்கள். பலரும் அந்த 19ஐத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த அரைவேக்காட்டுப் பருவத்தை எழுதாமல் விட்டால் 26 வயதுக்காரன் திடீரென்று முளைத்த மாதிரி இருப்பான்.

அப்புறம் வீடு. தனியாகக் குடிபோவதைத்தான் பல நாட்டுக் கதைகள் பெரியவனானதற்கு அடையாளமாக வைக்கின்றன. இங்கே அது சுலபமில்லை. மணமாகாதவர் தனியாளாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டும் அரசாங்க வீடு வாங்க 35 வயதாக வேண்டும், வாடகையும் கடிக்கும், அதனால் மத்திய சேம நிதிக்குச் சம்பளத்தில் 20 விழுக்காடு பிடித்தம் போகிற ஆளும், பள்ளிக்காலத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் உரியாத அலமாரிக்குப் பக்கத்தில்தான் படுக்கிறான். எழுதுபவருக்கு இது பெரிய வரம் என்பேன். இடம் அப்படியே இருந்தால் ஆள் மாறியது பளிச்சென்று தெரியும். "எங்கடா போற?" என்று கேட்ட அப்பா எப்போது "சாவி எடுத்துக்கிட்டியா?" என்பதோடு நிறுத்திக்கொண்டார்? வீட்டில் ஒரு முடிவெடுக்கும்போது "நீ என்னப்பா சொல்ற?" என்று முதன்முதலில் கேட்டது எதைப் பற்றி? மற்றவர்கள் அவனிடம் பேசும் விதம் மாறுவதையும் எழுதுங்கள். அதே ஆள் ஆபீசில் கூட்டம் நடத்திவிட்டு வந்து, ரசம் இல்லை என்று அம்மாவிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளட்டும், அதுவும் உண்மைதான்.

பெண்ணை எழுதினால் வேறு கணக்கு. கூடப் படித்த பையன்கள் சேவையில் இருக்கும் இரண்டு ஆண்டில் அவள் பல்கலைக்கழகத்தில் முன்னே போய்விடுவாள், அந்த இடைவெளியே ஒரு கதை.

வாக்கியங்களும் வயதோடு மாற வேண்டும். 14க்கு "எப்பவும்", "யாருமே", "எல்லாரும்" என்ற சொற்கள் நிறைய வரும். போகப்போக அவற்றைக் குறைத்து "சில நேரம்", "அன்னிக்கு மட்டும்" என்று கொண்டுவாருங்கள்.

ஆண்டுகளையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். 15ல் அடையாள அட்டை, 21ல் ஓட்டு. 2027 முதல் சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வுக்குப் பதில் புதிய சான்றிதழ் வருகிறது, ஆகவே நாயகன் எந்த ஆண்டில் உயர்நிலை நான்கில் இருக்கிறான் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் மூன்று காட்சிகளிலும் வயதையும் பள்ளி, முகாம், ஆபீஸ் பெயர்களையும் அடித்துவிட்டு ஒரு நண்பரிடம் கொடுத்து, எது முதலில் நடந்தது என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் முதலில் வசனத்தைத் திருத்துங்கள், வருணனையை அப்புறம் பார்க்கலாம்.