கம்ப்யூட்டர் சூடாகி ஹேங் ஆகிறதா? இந்த வரிசையில் பாருங்கள்

வேலை செய்துகொண்டிருக்கும்போதே மவுஸ் அசையாமல் திரை அப்படியே நின்றுவிடுகிறது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடி மறுபடியும் அதே கதை என்றால், உடனே விண்டோஸை ஃபார்மட் செய்யக் கிளம்பாதீர்கள். முதலில் சூட்டை அளந்து பாருங்கள்.

கோர் டெம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். சும்மா இருக்கும்போது பிராசஸர், அதாவது கம்ப்யூட்டரின் மூளையான சிப், 35 முதல் 50 டிகிரி வரை காட்டும், கோடையில் கொஞ்சம் கூடும். கேம், வீடியோ எடிட்டிங் என்று ஓடும்போது 80 வரை போனாலும் பயமில்லை. 95, 100 என்று போய் இறங்காமல் நின்றால்தான் சிக்கல். அப்போது பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் மெஷின் பட்டென்று அணைந்துவிடும்.

சூடு அதிகம்தான் என்றால், மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திவிடுங்கள், மிச்ச மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். பின்பக்கம் உள்ள இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் பக்கவாட்டு மூடி வந்துவிடும். பிராசஸர் ஃபேனின் இறக்கைகளுக்கு நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபேனுக்கும் அதன் அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துணி மாதிரி படிந்து அடைத்திருக்கும். ஃபேன் என்னவோ நன்றாகத்தான் சுற்றும், காற்றுதான் தகடுகளுக்குள் இறங்காது. பெரும்பாலும் குற்றவாளி இதுதான்.

கேபினட்டை மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ கொண்டுபோய், காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைக் கிளப்பி, ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெட்டுப்போகும். மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை வெளியிலிருந்து ஊதினால் போதும், அதைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கலாம்.

மூடியைப் போடாமலேயே ஆன் செய்து எல்லா ஃபேனும் சுற்றுகிறதா, ஏதாவது ஒயர் இறக்கையில் இடிக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். இன்னும் சூடு இறங்கவில்லையா? அப்புறம்தான் தெர்மல் பேஸ்ட், அதாவது பிராசஸரின் சூட்டை மேலே உள்ள தகடுகளுக்குக் கடத்தும் பசை. பல வருடம் ஆன பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு போல உதிரும். மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டி, அணைத்து, பேஸ்ட் இளகியிருக்கும்போதே ஹீட்சிங்க்கை (அந்த அலுமினியத் தகடுகளின் தொகுதியை) விடுவித்து இடமும் வலமும் மெல்லத் திருகிவிட்டு எடுங்கள். ஏஎம்டியின் பழைய ரைசன் பிராசஸர்களில் நேராகப் பிடித்து இழுத்தால் பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடும். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பிராசஸரின் நடுவில் ஒரு பட்டாணி அளவு புதியது வைத்து, ஹீட்சிங்க்கை மறுபடி பொருத்தி, ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

மேசையின் மூடிய அறைக்குள் கேபினட்டைத் திணித்து வைத்திருந்தால் இத்தனையும் வீண். பின்பக்கம் ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள்.

சரி, 55 டிகிரியில்கூட உறைந்து நிற்கிறதா? அப்படியானால் பிராசஸர் சூடு காரணமில்லை. கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதன் சூட்டைப் பாருங்கள், ராம் (மெமரி) அட்டை இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டுங்கள். ஹார்ட் டிஸ்க் மீதும் சந்தேகம் இருந்தால், சோதனையெல்லாம் அப்புறம், முதலில் முக்கியமான ஃபைல்களை வேறொரு டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள்.