டென்னசிக்குப் போனால் மலையைக் கடைசியில் வையுங்கள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலம் என்றாலே நம் ஆட்கள் ஸ்மோக்கி மலையில் ஒரு கேபின் எடுத்து, மூன்று நாள் பிரியாணி செய்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன், அதுவும் இலை நிறம் மாறும் அக்டோபரில். பார்த்தது பாதி இலை, மீதி எனக்கு முன்னால் நின்ற காரின் பின்விளக்கு. அதனால் சொல்கிறேன், மெம்ஃபிஸில் இறங்கி, வண்டி எடுத்து ஐ-40 சாலையில் கிழக்கே போங்கள். ஐந்து நாள் போதும்.

போக வேண்டிய சமயம் ஜூன் 1ஐ ஒட்டி. 1796இல் அன்றுதான் டென்னசி 16ஆவது மாநிலமாகச் சேர்ந்தது. அந்தத் தேதிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மெம்ஃபிஸுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி மேல் பைத்தியம் இல்லையென்றால் அவர் வாழ்ந்த கிரேஸ்லேண்ட் மாளிகையை விட்டுவிடலாம், டிக்கெட் விலை கொஞ்சநஞ்சமில்லை. அவர் 1954இல், 19 வயதில், முதல் இசைத்தட்டுக்குப் பாடிய சன் ஸ்டூடியோவே போதும், ஒரு சின்ன அறைதான். அடுத்து, சோல் இசைத்தட்டுகள் வெளியிட்ட ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் மியூசியம். பழைய சினிமா தியேட்டரை ஸ்டூடியோவாக மாற்றியபோது சரிவான தரையைச் சமப்படுத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், அங்கே பதிவான பாட்டுகளின் தனிச் சத்தத்துக்கு அந்தச் சரிவும் ஒரு காரணம் என்பார்கள். வெளியே ஊர் நிறத்தால் பிரிந்து கிடந்த காலத்தில் உள்ளே கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவாக வாசித்தார்கள். 1989இல் கட்டடத்தை இடித்துவிட்டு, 2003இல் அதே இடத்தில் சரிவோடு சேர்த்துத் திரும்பக் கட்டினார்கள். இடித்துவிட்டு வருந்துவது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை போலிருக்கிறது.

அந்த இசைக்கலைஞர்கள் தங்கிப் பாட்டெழுதிய லொரேய்ன் மோட்டலில்தான், 1968 ஏப்ரல் 4 அன்று, 306ஆம் அறை வாசலில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். வேலைநிறுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளர்களுக்குத் துணையாக வந்திருந்தார். இப்போது அது மியூசியம். அரை நாளாவது வேண்டும், செவ்வாய்க்கிழமை வழக்கமாக விடுமுறை. 1959இல் இந்தியா வந்தபோது கன்னியாகுமரியில் சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் பார்த்துவிட்டுப் போய் அதைப் பிரசங்கத்தில் சொன்னவர் அவர். அந்த வாசலில் நிற்கும்போது எனக்கு ஏனோ அதுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த ஊர் நாஷ்வில், வண்டியில் மூன்றே கால் மணி நேரம். ரைமன் அரங்கத்தைப் பகலில் சுற்றிப் பாருங்கள். சாராயக் கடை வைத்திருந்த ஒரு நீராவிப் படகு கேப்டன், பிரசங்கம் கேட்டு மனம் மாறி எழுப்பிய ஜெபக்கூடம் அது, 1892இல் முடிந்தது. இன்றும் சர்ச் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். கிராண்ட் ஓலே ஓப்ரி வானொலிக் கச்சேரி 1974இல் இங்கிருந்து புது அரங்கத்துக்குப் போனபோது, பழைய மேடையிலிருந்து வட்டமாக ஒரு துண்டு மரத்தை வெட்டி எடுத்துப்போய்ப் புது மேடை நடுவில் பதித்தார்கள். பாடகர்கள் இன்றும் அதில் நின்றுதான் பாடுகிறார்கள். அப்புறம் பிராட்வே தெரு. பகலிலேயே கச்சேரி நடக்கும், பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் வாசிப்பவர்களுக்கு டிப்ஸ்தான் முக்கிய வருமானம், வாளி வரும்போது டாலரைப் போடுங்கள். குழந்தைகளோடு போனால் மதியமே போய்விடுங்கள், இருட்டினால் பல இடங்களில் விடமாட்டார்கள். சைவக்காரர்களுக்கு இரண்டு ஊரிலும் திண்டாட்டம்தான், புளியோதரை கட்டிக்கொள்வது உத்தமம். நாஷ்வில்லில் பிள்ளையார் கோயிலும் இருக்கிறது.

மலைக்கு நான்கு மணி நேரம், வழியில் நேர மண்டலம் மாறிக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தாவும், கேபின் சாவி வாங்கும் நேரத்தை அதற்குத் தகுந்தாற்போலச் சொல்லிவையுங்கள். ஸ்மோக்கி தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் மட்டும் பார்க்கிங் டேக் வேண்டும். 6,643 அடி உச்சிக்குக் கடைசி அரை மைல் செங்குத்தான நடை. அதன் பெயர் குவோஹி. செரோக்கி பழங்குடி மக்கள் வைத்த அந்தப் பெயரை 2024இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். டென்னசி என்ற பெயரே அவர்களுடைய டனாசி என்ற ஊரிலிருந்து வந்தது, அவர்களில் பெரும்பாலோரையோ 1838இல் மேற்கே துரத்திவிட்டார்கள்.

கடைசியாக மின்மினி. மே கடைசியிலிருந்து ஜூன் நடுவரை அதே பூங்காவின் எல்க்மாண்ட் பகுதியில் ஒருவகை மின்மினிகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒன்றாக மின்னும். குலுக்கலில்தான் வண்டி பாஸ், ஏப்ரல் மாதமே பூங்கா அறிவிப்பைக் கவனியுங்கள். கிடைத்தால் டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள், பாதையை விட்டு இறங்காதீர்கள், பெண் பூச்சிகள் தரையில் இருக்கும். சில தடவை மின்னிவிட்டு எல்லாம் சேர்ந்து அணையும், சில விநாடிகள் கன்னங்கரேல் என்றிருக்கும். அந்த இருட்டில் குழந்தைகள் கத்தத்தான் செய்வார்கள், போனை மட்டும் எடுக்க விடாதீர்கள்.