பிரைட் ஏஞ்சல் லாட்ஜில் ஓர் இரவு: முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்குக்குப் போகிற பலர் பகலில் வந்து, நாலு படம் எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். ஓர் இரவாவது தங்குங்கள். என் முதல் தேர்வு, அரிசோனா மாநிலத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பை ஒட்டியே நிற்கும் பிரைட் ஏஞ்சல் லாட்ஜ். மேரி கோல்ட்டர் என்ற பெண் வடிவமைத்து, 1935இல் திறந்த மரமும் கல்லுமான கட்டடம்.

படி 1: முன்பதிவு
13 மாதங்களுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடும். இடம் இல்லையென்றால் விட்டுவிடாதீர்கள். யாராவது ரத்து செய்தால் அறை திரும்ப வரும், தினமும் ஒருமுறை பாருங்கள். எதிரே வடக்கு விளிம்பில் தங்கலாமே என்றால், அங்கே இருந்த பழைய லாட்ஜ் 2025 ஜூலையில் காட்டுத்தீயில் எரிந்துபோனது. அதை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது.

படி 2: அறை
விலை குறைந்த சில அறைகளுக்குக் குளியலறை பொது. அது சரிப்படாது என்றால் தனிக் குடில் எடுங்கள். 1890களில் பக்கி ஓநீல் என்பவர் கட்டிய மரக்குடிலை இடிக்கவிடாமல் கோல்ட்டர் காப்பாற்றினார். இன்று அதிலும் தங்கலாம்.

படி 3: புறப்படும் முன்
குடிநீர்க் குழாய் உடைந்ததால் 2024 ஆகஸ்ட் இறுதியில் இரவுத் தங்கலையே நிறுத்த வேண்டியதாயிற்று. அதனால் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் அறிவிப்பை முந்தின நாள் பார்த்துவிடுங்கள். பாலைவனம்தானே என்று மெல்லிய சட்டையோடு போகாதீர்கள். உயரம் சுமார் 7,000 அடி. குளிர்காலத்தில் பனி கொட்டும். காற்று வறண்டிருக்கும், தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

படி 4: கணப்பின் முன் உட்காருங்கள்
பெட்டியை அறையில் வைத்ததும் பள்ளத்தாக்கைப் பார்க்க ஓடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் லாட்ஜிலேயே உள்ள வரலாற்று அறைக்குப் போங்கள். அங்கே உள்ள கணப்பை, அதாவது குளிர்காயத் தீ மூட்டும் கல் அடுப்பை, பள்ளத்தாக்கின் பாறை அடுக்குகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் கோல்ட்டர் கட்டவைத்தார். கணப்பின் அடியில் கொலராடோ ஆற்றின் உருண்டைக் கற்கள். அதற்கு மேல் விஷ்ணு ஷிஸ்ட் என்ற கறுத்த பாறை, சுமார் 170 கோடி ஆண்டு பழசு. ஆமாம், நம் விஷ்ணுவின் பெயர்தான். இங்குள்ள சிகரங்களுக்குக் கீழைநாட்டுக் கடவுள்களின் பெயர்களைச் சூட்டிய நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன் வழியாக வந்தது. கண்ணை மெதுவாக மேலே கொண்டுபோங்கள்: நிறம் மாறிக்கொண்டே வந்து, உச்சியில் வெளிர்நிறக் கைபாப் சுண்ணாம்புக்கல்லில் முடியும். அதற்கு வயது 27 கோடி ஆண்டுகள். பத்து நிமிடம் இதைப் பார்த்துவிட்டு வெளியே போனால், அந்தப் பெரும்பள்ளம் குழப்பமாகத் தெரியாது, படிக்கத் தெரிந்த எழுத்தாகத் தெரியும்.

படி 5: விடியற்காலை
வெளிச்சம் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே விளிம்புக்கு வந்துவிடுங்கள். அப்புறம் மேற்கே சில நிமிடம் நடந்தால் பிரைட் ஏஞ்சல் பாதை தொடங்கும். இறங்க ஒரு மணி நேரம் என்றால் ஏற இரண்டு மணி நேரம் வையுங்கள். தொலைவு போக வேண்டாம். பாதையின் தொடக்கத்தில் பக்கச் சுவரில் கைவைத்துப் பாருங்கள். முந்தின மாலை கணப்பின் உச்சியில் பார்த்த அதே கைபாப் கல்.