பங்கு இறைச்சியும் ரெலிகொம் பங்கும்

கிளிநொச்சியில் கொமினிகேசன் கடை வைத்திருப்பவனிடம் ஆட்கள் ரீலோட் போட மட்டும் வருவதில்லை. சிறுபோக நெல் விற்ற காசோடு போன கிழமை மாமா வந்து கதிரையில் இருந்தார். "தம்பி, கவுண்மேந்து ரெலிகொம்மை விக்கப்போகுதெண்டு திரும்பவும் கதைக்கினம். கொஞ்சம் வாங்கிப் போடுவமோ?"

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரில் ஆடு அடித்துப் பங்கு இறைச்சி போட்டால் முதலில் என்ன கேட்போம்? எத்தனை பங்கு, யார் யாருக்கு என்று. இங்கேயும் அதுதான். கொழும்பு பங்குச் சந்தை இணையத்தளத்தில் சிறிலங்கா ரெலிகொம்மின் ஆண்டறிக்கையை எடுத்து, பெரிய பங்குதாரர் 20 பேரின் அட்டவணையைப் பாருங்கள். திறைசேரிச் செயலாளர் பெயரில், அதாவது அரசிடம், 49.5 சதவீதம். ஒரு மலேசியக் குழுமத்தின் கையில் 44.98. மிச்சம் ஐந்தரைதான். அதைத்தான் நானும் மாமாவும் மற்ற எல்லோரும் கைமாற்றிக்கொள்கிறோம். நூறு பங்கு ஆட்டில் ஐந்து பங்கு சந்தைக்கு வந்தால் விலை எப்படித் துள்ளும்?

அந்தத் துள்ளலில் நானும் விழுந்தவன்தான். 2023 இல் விற்பனைக் கதை சூடாக இருந்தபோது, "இருக்கிற விலைக்கு வாங்குங்கோ" என்று பங்கு முகவரிடம் சொல்லிவிட்டேன். திரையில் அந்த விலைக்கு விற்க நின்றது கொஞ்சப் பங்கு. அது முடிந்ததும் அடுத்த விலை, அதற்கடுத்த விலை என்று ஏறி, பார்த்ததை விட மூன்று ரூபா கூடக் கொடுத்திருந்தேன். ஆகவே "இதற்கு மேல் வேண்டாம்" என்று வரம்பு விலை சொல்லாமல் கட்டளை போடாதீர்கள். வாங்கவும் விற்கவும் தனித்தனியாக 1.12 சதவீதம் கட்டணம் போகும், அதையும் கணக்கில் பிடியுங்கள்.

அடுத்தது, வாங்குகிறவனுக்குப் பங்கோடு வேறென்ன கிடைக்கிறது? 1997 இல் ஜப்பானின் தொலைபேசி நிறுவனமான என்.ரி.ரி. 35 சதவீதத்தை 22.5 கோடி டொலருக்கு வாங்கி, நிர்வாகத்தையும் எடுத்தது. வெளிநாட்டு அழைப்புகளில் ரெலிகொம்முக்கு 2002 ஆகஸ்ட் வரை போட்டியே இல்லை. அந்தத் தனியுரிமை முடிந்த பிறகுதான், அந்த வருடக் கடைசியில், 12 சதவீதத்தை 15 ரூபாப்படி பொதுமக்களுக்கு விற்றார்கள். யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்த வருடம் அது. வன்னியில் எங்களுக்கு ஒரு லைன் கிடைக்குமா என்பதே பெரிய கேள்வி, பங்கை யார் யோசித்தது!

யோசித்தவர்களுக்கு நல்ல காலம். 2008 இல் யாழ்ப்பாண வேருள்ள மலேசியக் கோடீஸ்வரர் ஆனந்த கிருஷ்ணனின் குழுமம் என்.ரி.ரி.யின் பங்கை வாங்கியது. ஒருவர் 30 சதவீதத்தைத் தொட்டால் மற்றப் பங்குதாரர்களிடமும் வாங்க முன்வர வேண்டும் என்பது இங்கே விதி. அதனால் சின்னப் பங்குதாரருக்கும் 50.50 ரூபாப்படி வாங்க முன்வந்தார்கள். அரசின் 49.5 ஐ ஒரே ஆள் வாங்கினாலும் இந்த விதி வரும். ஆனால் வாங்குகிறவருக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று அறிவித்தலில் தேடிப் பாருங்கள். அவர் கொடுக்கும் விலை நீங்கள் வதந்தியில் வாங்கிய விலையை விடக் குறைவாகவும் இருக்கலாம்.

விற்பனையே நடக்காமலும் போகலாம். 2024 ஜனவரியில் இந்தியாவின் ஜியோ உட்பட மூன்று நிறுவனங்கள் விருப்பம் தெரிவித்தன. அந்த வருடமே அரசு மாறியது, விற்பனையும் நின்றது. விற்காவிட்டாலும் வைத்திருக்கத் தக்க கொம்பனியா என்று பார்ப்பதற்குக் கடனும், இலாபமும், ரெலிகொம்மின் கைத்தொலைபேசிக் கொம்பனியான மொபிட்டலின் வருமானமும் அதே ஆண்டறிக்கையில் இருக்கின்றன. நான் இலாபத்தை விடக் கடனைத்தான் முதலில் பார்ப்பேன்.

சரி, கணக்குத் திறப்பது லேசான வேலை. அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் இருந்தால் போனிலேயே சி.டி.எஸ். கணக்கு, அதாவது வாங்கும் பங்குகளை வைத்திருக்கும் கணக்கு, திறக்கலாம். மாமாவுக்குக் கடையில் இருந்தே திறந்து கொடுத்தேன்.

"அப்ப ஆர் வாங்கினாலும் என்னட்டையும் கேட்பினம், என்ன?"

"ஓம் மாமா. வாங்கினால்."

நெல்லுக் காசில் பாதிக்குத் தண்ணிப் பம்ப் எடுத்துவிட்டார். மிச்சத்துக்கு இன்னும் கட்டளை போடவில்லை. தன் வரம்பு விலையை என் ரீலோட் கொப்பியின் பின்னட்டையில் எழுதி வைத்துவிட்டு, இரண்டு நாளைக்கு ஒருக்கால் வந்து எட்டிப் பார்க்கிறார்.