ஊர்ப் பெயரை அடையாள எண்ணில் சேர்க்காதீர்கள்

ஆம்பூரில் எடுத்த பழைய படத்தை ஸ்கேன் செய்ததும் ‘வடஆற்காடு-ஆம்பூர்-12’ என்று பெயர் வைக்கத்தான் கை போகும். ஆனால் 1989இல் வடஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. ஆம்பூர் இருந்த பகுதி பின்னர் வேலூர் மாவட்டமானது. 2019 முதல் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. கோப்பின் பெயரைத் திருத்தினால் அதற்குக் கொடுத்த இணைப்புகள் அறுந்துபோகும். விட்டுவைத்தால் பெயர் தவறான தகவல் சொல்லும். ஊரும் மாவட்டமும் ஆண்டும் மீதரவில், அதாவது படத்தைப் பற்றிய விவரப் பதிவில், அவற்றுக்குரிய புலங்களில் இருக்கட்டும். ஒவ்வொரு படத்தையும் தனித்துக் காட்டுவதுதான் அடையாள எண்ணின் வேலை; அதற்குப் பொருளே வேண்டாம்.

ஆறு இலக்கத் தொடர் எண் போதும். கடைசியில், தட்டச்சுப் பிழையைக் காட்டிக்கொடுக்க ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேருங்கள். 000147 என்றால் இடமிருந்து 1, 3, 1, 3, 1, 3 ஆல் பெருக்கிக் கூட்டினால் 28 வரும். அடுத்த பத்தின் மடங்கான 30க்கு 2 குறைகிறது, ஆகவே எண் 0001472. தட்டச்சில் 4ம் 7ம் இடம் மாறினால் உடனே தெரிந்துவிடும். 1ம் 6ம் போல ஐந்து வித்தியாசமுள்ள பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் மட்டும் இந்தக் கணக்குக்குத் தெரியாது.

எக்செல்லில் பதியும் முன் அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். மறந்தால் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய் 1472 மட்டுமே மிஞ்சும்.

கோப்புப் பெயரில் தமிழ் எழுத்து இருந்தால் வேறொரு சிக்கல். ‘கோட்டை’யின் ‘கோ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும்: ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவோ, இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகவோ. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வெவ்வேறு. தேடினால் சில சமயம் கிடைக்காது. அதனால்தான் இலக்கங்கள் மட்டும்.

மீதரவுக்கான பொதுத் தரமான டப்ளின் கோரில் அடையாளங்காட்டிப் புலத்தை எத்தனை முறையும் பயன்படுத்தலாம். ஆனால் அச்சுப் புத்தகத்தின் ஐஎஸ்பிஎன்னை (பதிப்புக்குத் தரும் சர்வதேச எண்) அதன் ஸ்கேனுக்கு இடாதீர்கள். அது ‘மூலம்’ புலத்துக்கு உரியது. பல பக்க ஆவணத்துக்கு ஒரே எண். பக்கக் கோப்புகளுக்கு 0001472_01, 0001472_02.

இணையத்தில் நிலைக்க வேண்டுமானால் இணைய முகவரியையே அடையாளமாக நம்பாதீர்கள், தளம் மாறும். அதற்கென ஆர்க் (ARK), டிஓஐ (DOI) போன்ற நிலையான அடையாள முறைகள் உண்டு. ஆர்க் முறையில் அமைப்புக்கான எண் இலவசம். டிஓஐக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு.

ஒரு படத்தை நீக்கினாலும் அதன் எண்ணை வேறு படத்துக்குத் தராதீர்கள். பதிவை விட்டுவைத்து, நீக்கிய தேதியையும் காரணத்தையும் அதில் எழுதுங்கள்.